ரத்தத்தில் கால்சியம் சரி, எலும்பு மட்டும் பலவீனமா?

"குழந்தையின் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் எலும்புக்கு ஏன் மருந்து கொடுக்கிறார்கள்?" குறைமாதத்தில் குழந்தை பெற்ற தாய்மார்களின் மனத்தில் எழும் கேள்வி இது. மிகவும் நியாயமான கேள்வி. இதற்கான பதிலைத் தெரிந்துகொண்டால், மருத்துவர்கள் ஏன் வாரக்கணக்கில் அந்தப் பிஞ்சுக் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

கடைசி மூன்று மாதச் சேமிப்பு

37 வாரங்கள் நிறைவடைவதற்கு முன் பிறக்கும் குழந்தையே குறைமாதக் குழந்தை. நிறைமாதக் குழந்தையின் உடலில் உள்ள கால்சியம், பாஸ்பரஸ் ஆகிய தாதுக்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து சேர்கிறது. 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தச் சேமிப்பு கிடைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். கருவில் இருந்திருந்தால், அக்குழந்தைக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 100 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கிடைத்திருக்கும். வெளியே வந்தபின், கிலோவுக்கு 150 மில்லிலிட்டர் தாய்ப்பால் குடித்தாலும் ஏறத்தாழ 40 மில்லிகிராம்தான் கிடைக்கிறது. இது தாய்ப்பாலின் குறையன்று. தாய்ப்பாலே குறைமாதக் குழந்தைக்கும் மிகச் சிறந்த உணவு. ஆனால் எலும்பு கட்டும் வேலை பாதியில் நின்றுவிட்டதால், அதற்குக் கூடுதல் சத்து தேவைப்படுகிறது.

முதல் இரண்டு நாள்

தொப்புள்கொடி வெட்டப்பட்டவுடன் தாயிடமிருந்து வந்த கால்சியம் நின்றுவிடும். அதனால் பிறந்த 24 முதல் 48 மணி நேரத்தில் குழந்தையின் கால்சியம் வெகுவாகக் குறைகிறது. குறைமாதக் குழந்தைக்கு அது லிட்டருக்கு 1.75 மில்லிமோலுக்குக் கீழே போனால் குறைபாடாகக் கருதுவது வழக்கம். கைகால் நடுக்கம், மூச்சு நின்று நின்று வருதல், வலிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் இதே நடுக்கம் வரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே சோதிக்கிறார்கள்.

நீரிழிவு நோயுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளிடம் இக்குறைபாடு அதிகம். மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகமாகக் காணப்படுவதால், நம் குடும்பங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கால்சியம் கொடுத்தும் அளவு உயரவில்லை என்றால் மருத்துவர் மெக்னீசியத்தைச் சோதிப்பார். மெக்னீசியம் குறைந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் கால்சியம் நிலைபெறாது.

ஏமாற்றும் எண்

முதல் வாரம் கடந்தபின் நிலைமை மாறுகிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் பாதிக்கப்படும் என்பதால் உடல் அதை விட்டுக்கொடுப்பதில்லை. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பைக் கரைத்தாவது ரத்தத்தின் அளவைச் சமன் செய்கின்றன. வீட்டுக் கூரையைப் பிரித்து அடுப்பெரிப்பது போன்றது இது. அடுப்பு எரிகிறது, கூரை குறைகிறது. எனவே, கால்சியம் சரியாக இருப்பது எலும்பு நலமாக இருப்பதற்குச் சான்றாகாது.

இதனால்தான் மருத்துவர்கள் வேறு இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள். ஒன்று பாஸ்பேட். மற்றொன்று, எலும்பு கட்டும் உயிரணுக்கள் வெளியிடும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி. பாஸ்பேட் 1.8 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, நொதி 500 யூனிட்டுக்கு மேல் ஏறினால் எலும்பில் தாதுக் குறைவு இருக்கலாம் என்ற சந்தேகம் எழும். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்து நான்கு வாரம் ஆனதிலிருந்து ஓரிரு வாரத்திற்கு ஒருமுறை இச்சோதனைகள் செய்யப்படுவதுண்டு.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் போதாதா? போதாது. எலும்பின் தாதுவில் குறைந்தது 20 விழுக்காடாவது போன பிறகுதான் எக்ஸ்ரேயில் அது தெரியும். அதற்குள் விலா எலும்பில் விரிசல்கூட ஏற்பட்டிருக்கலாம்.

குறை ஒன்று, காரணம் இரண்டு

பாஸ்பேட் குறைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உணவில் பாஸ்பரஸ் போதாமல் இருக்கலாம். அல்லது, கால்சியம் போதாததால் பாராதைராய்டு தூண்டப்பட்டு, பாஸ்பேட் சிறுநீரில் வெளியேறலாம். முதல் வகையில் சிறுநீரில் பாஸ்பேட் அநேகமாக இருக்காது. இரண்டாம் வகையில் மிகுதியாக இருக்கும். இரண்டாம் வகைக் குழந்தைக்குப் பாஸ்பேட் மட்டும் கொடுத்தால் எலும்பு மேலும் கரையும். சிறுநீரையும் சோதிப்பது இதற்காகத்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தாய்ப்பாலில் கலக்கும் சத்துத் தூளையும் சொட்டு மருந்துகளையும் மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் வெவ்வேறு வேளைகளில் கொடுக்க வேண்டும், ஒரே பாலில் கலந்தால் இரண்டும் சேர்ந்து படிந்துவிடும், உடலில் சேராது.

"காலை வெயிலில் காட்டினால் எலும்பு உறுதிப்படும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். வெயிலால் கிடைப்பது வைட்டமின் டி. அது பாஸ்பரஸையோ கால்சியத்தையோ தருவதில்லை. அதைவிட முக்கியம், குளிப்பாட்டும்போது கைகாலை இழுத்து நீவி விடும் பழக்கம். எலும்பில் தாதுக் குறைந்த குழந்தைக்கு இதனால் எலும்பு முறியக்கூடும். அன்போடு செய்வதே ஆபத்தாகிவிடக் கூடாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை எண்ணெய் தேய்த்து நீவுவதைத் தள்ளிப்போடுவதே நல்லது. கையைத் தொட்டால் குழந்தை வீரிட்டு அழுதாலோ, ஒரு கையை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அடுத்த முறை பரிசோதனைக்குச் செல்லும்போது, "கால்சியம் எவ்வளவு?" என்பதோடு நின்றுவிடாமல், "பாஸ்பேட் எவ்வளவு, நொதி ஏறுகிறதா இறங்குகிறதா?" என்றும் பெற்றோர் கேட்கலாம். உரிய நேரத்தில் கண்டுபிடித்துச் சத்துக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளின் எலும்பு நன்றாகவே உறுதிப்படுகிறது.