தகட்டின் மேல் தகடு

2004 மே 1. இராக்கின் அல் அமாரா நகரம். பிரிட்டிஷ் படையின் வாரியர் கவச வண்டி ஒன்று தெருவுக்குள் மாட்டிக்கொண்டது. அடுத்தடுத்து ஆர்.பி.ஜி. என்ற தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குண்டுகள் வந்து மோதுகின்றன. ரேடியோ செத்துவிட்டது. கமாண்டரிடமிருந்தும் கன்னரிடமிருந்தும் பதில் இல்லை. டிரைவர், கிரெனடா தீவில் பிறந்த 24 வயதுப் பையன். மூடி சாத்தியிருக்கும்போது அவனுக்கு வெளியே தெரிவதெல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கும் பெரிஸ்கோப் கண்ணாடி வழியாகத்தான். அதுவும் சிதறிப்போனது. உள்ளே புகை அடைத்துக்கொள்ள, தலைக்கு மேலிருந்த மூடியைத் திறந்துவிட்டான். தலையை வெளியே நீட்டியபடியே 1,500 மீட்டர் ஓட்டினான். ஒரு தோட்டா ஹெல்மெட்டைத் துளைத்து, உட்புறத்தில் போய்ச் சிக்கி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் அவனைப் பார்த்தே வெளியேறின. அடுத்த ஆண்டு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

பழைய கவச வண்டிகளை நகரச் சண்டைக்கு ஏற்ப எப்படி மாற்றுகிறார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர். ட்ரோன் காலமாயிற்றே, வாசகர்கள் விரும்பிப் படிப்பார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார். எனக்கோ அந்தத் திறந்த மூடியைத் தாண்டி மனம் போக மறுக்கிறது. அத்தனை டன் இரும்புக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு அன்று தேவைப்பட்டது இன்னொரு தகடு அல்ல, கண். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு பிரிட்டிஷ் வண்டிகளுக்கு அதிகம் கிடைத்தது தகடுதான்.

தெருவில் கவச வண்டியோடு படும் பாடு பிரிட்டிஷ்காரர்களுக்குப் புதிதல்ல. வட அயர்லாந்தில் கலவரம் வெடித்தபோது அவர்கள் கையில் இருந்தது ‘பன்றி’. மூக்கு நீண்ட ஹம்பர் வண்டிக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் அது. காலம் முடிந்தது என்று ஒதுக்கியிருந்த வண்டியை மறுபடி தெருவுக்கு இழுத்து வந்தார்கள். துப்பாக்கி ரவை துளைக்கிறது என்றதும் 1972இல் கூடுதல் தகடு அடித்தார்கள். தகடு ஏறியதும் அச்சும் ஸ்பிரிங்கும் தாங்கவில்லை. அவற்றையும் பலப்படுத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டுக் கடைசியில் எதிர்த்துச் சண்டையிட்ட ஆயுதக் குழுவின் கையில் ஆர்.பி.ஜி. வந்தது. உடனே சில பன்றிகளுக்குக் கம்பி வலை கட்டினார்கள்.

அந்த வலை செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆர்.பி.ஜி. குண்டின் மூக்கு நுனி எதிலாவது மோதினால் மின்சாரம் பிறந்து, பின்னால் இருக்கும் வெடிமருந்தைக் கொளுத்தும். நுனி நேராகக் கம்பியில் மோதாமல், இரண்டு கம்பிகளுக்கு நடுவே குண்டு நுழைந்துவிட்டால், அதன் கூம்பு நசுங்கி உள்ளே இருக்கும் மின்பாதை ஷார்ட் ஆகிவிடும். குண்டு வெடிக்காமலே செத்துப்போகும். சமயத்தில் வெடிக்கவும் வெடிக்கும், அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வீட்டு ஜன்னல் கம்பி மாதிரி இருக்கிற இந்தச் சங்கதிதான் முப்பது ஆண்டு கழித்து இராக்கின் பாஸ்ராவில் வாரியர்களைச் சுற்றி நின்றது. இன்று உக்ரைனில் ட்ரோனுக்குப் பயந்து டாங்கித் தலைமேல் கட்டும் இரும்புக் கூண்டும் கிட்டத்தட்ட அதே வகையறாதான்.

வட அயர்லாந்துக்கு டாங்கியின் உடம்பும் ஒருமுறை போனது. 1972 ஜூலை 31 அன்று டெர்ரி நகரத் தடுப்புகளை உடைக்க, பொறியாளர் பிரிவின் செஞ்சூரியன்களைப் படகில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள். முன்னால் புல்டோசர் பலகை. பீரங்கிக் குழாயைப் பின்பக்கம் திருப்பி, உறை போட்டு மூடியிருந்தார்கள். சொந்த நாட்டுத் தெருவில் டாங்கி என்று படம் வந்துவிடக் கூடாதே என்ற கவலை. வேலை முடிந்ததும் அவற்றை அப்படியே கப்பலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1980களில் மேற்கு பெர்லினில் இருந்த சீஃப்டன் டாங்கிகளுக்கு இன்னொரு வைத்தியம் செய்தார்கள். வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று கட்டம் கட்டமாகப் பெயின்ட். காட்டில் மறைய இலை நிறம் போதும். நகரத்தில் மறைய வேண்டுமானால் சுவரும் ஜன்னலும் போலத் தெரிய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சாலிஸ்பரி சமவெளியில் ‘ஸ்ட்ரீட்ஃபைட்டர்’ என்ற பெயரில் சேலஞ்சர் 2 டாங்கி ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது அந்தப் பெர்லின் கட்டங்களையே திரும்பப் பூசினார்கள். பயிற்சிக்காகவே கட்டிய கோப்ஹில் டவுன் என்ற போலிக் கிராமத்தின் சந்துகளில் அதை நகர்த்திப் பார்த்தார்கள். வண்டியைச் சுற்றிக் கேமரா வைத்து, அவை பார்ப்பதை உள்ளே இருப்பவரின் ஹெல்மெட் கண்ணாடியில் காட்டும் கருவியையும் சோதித்தார்கள். தகட்டுச் சுவரையே ஊடுருவிப் பார்ப்பதுபோல. இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே உருப்படியான யோசனை என்று எனக்குப் பட்டது அதுதான். எடையும் பெரிதாக ஏறாது. எல்லா வண்டிக்கும் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. ஆனால் தகடு மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எடைக்கு வருகிறேன். சொல்லப்போனால் முதலிலிருந்தே அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

சேலஞ்சர் 2 படைக்கு வந்தது 1998இல். அப்போது அதன் எடை சுமார் 62 டன். டிரைவர் முன்பக்கம், மூடி சாத்தியிருந்தால் ஏறக்குறைய மல்லாந்து படுத்த நிலையில் ஓட்டுவார். 2006 ஆகஸ்டில் அல் அமாராவில் ஒரு ஆர்.பி.ஜி.-29 முன்பக்க அடிவயிற்றைத் துளைத்தது. டிரைவரின் பாதத்தில் ஒரு பகுதி போனது. அடுத்த ஆண்டு பாஸ்ராவில் சாலையோர வெடி அதே அடிவயிற்றுக்குள் புகுந்தது. அப்போதும் காயம் டிரைவரின் காலில்தான். உடனே அடியில் தகடு, பக்கவாட்டில் தகடு, பின்னால் கம்பிக் கூண்டு, மேலே மின்னணு ஜாமர் என்று அடுக்கினார்கள். அந்தக் கோலத்தில் அது 75 டன்னைத் தொட்டது. சோதனை வண்டிக்கு மெகாட்ரான் என்று செல்லப்பெயர்கூட வைத்தார்கள். எஞ்சினுக்கு மட்டும் யாரும் எதுவும் ஊட்டவில்லை. அதே 1,200 குதிரைசக்தி. ஒரு டன்னுக்கு 19 குதிரை இழுத்தது போய் 16 ஆனது. 62 டன்னுக்கென்று கணக்கிட்ட பாலமும் ரயில் வேகனும் 75 டன்னைப் பார்த்து என்ன சொல்லும் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருப்பார்கள், பதில்தான் கிடைத்திருக்காது.

1963இல் படைக்கு வந்த எஃப்.வி.432 துருப்பு வண்டியை இராக்குக்காகத் தூசு தட்டி, எதிர்வெடிப் பாளங்கள் ஒட்டி, ஏ.சி. வைத்து, ‘புல்டாக்’ என்று பெயர் மாற்றினார்கள். அதற்காவது எஞ்சினை மாற்றினார்கள், புண்ணியம். பெல்ஃபாஸ்ட் கல்லெறிக்காகச் செய்த ‘ஸ்னாட்ச்’ லேண்ட்ரோவர்களைப் பாஸ்ராவுக்கும் ஆப்கானிஸ்தானின் ஹெல்மாண்டுக்கும் அனுப்பியதில் குறைந்தது 37 பேர் மாண்டார்கள். அவை இருந்த இடத்துக்கு 23 டன் மாஸ்டிஃப் வந்தது. வெடியின் வேகத்தை இரு பக்கமும் சிதறடிக்கும் V வடிவ அடிப்பாகம் அதற்கு. உயிரைக் காத்தது, சந்தேகமில்லை. குறுகலான சந்துக்குள் நுழைவதுதான் சங்கடம்.

மலாயா ரப்பர்த் தோட்டத்தின் மர வரிசைகளுக்கு நடுவே போக வேண்டும் என்று அகலத்தைச் சுமார் 2.2 மீட்டரில் நிறுத்திய பிரிட்டிஷ் வண்டியும் ஒன்று இருந்தது. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தோட்டங்கள்தான் அவை. அந்த ரகத்தைச் சேர்ந்த சிமிட்டார் உளவு வண்டி 8 டன்கூட இல்லை. 1982இல் ஃபாக்லாந்தின் சதுப்பு மண்ணில், மனிதன் கால் புதைந்த இடத்தில் அது புதையாமல் போனது. அண்மையில்தான் ஓய்வுபெற்றது. அதன் இடத்துக்கு வரும் ஏஜாக்ஸ் 38 டன். உளவு பார்க்கும் வண்டிதான் இதுவும்! ஓட்டிப் பார்த்தபோது இரைச்சலும் அதிர்வும் உள்ளே இருந்தவர்களின் காதைப் பாதிக்க, சோதனையையே நிறுத்த வேண்டி வந்தது.

தகடு இல்லையென்றால் பாஸ்ராவிலிருந்து பலர் உயிரோடு திரும்பியிருக்க மாட்டார்கள் என்று ராணுவக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான்.

ஆனால் வாரியரின் கதையைப் பாருங்கள். அதன் 30 மி.மீ. பீரங்கிக்கு நிலைப்படுத்தும் கருவி கிடையாது. குறி தவறாமல் சுட வேண்டுமானால் வண்டி நிற்க வேண்டும். குண்டுகளை மும்மூன்றாகக் கையால் திணிக்க வேண்டும். தெருச் சண்டையில் நிற்கிற வண்டிக்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை. இதைச் சரிசெய்யப் புதிய பீரங்கியும் மேல்கூடும் என்று 2011இல் ஒப்பந்தம் போட்டார்கள். பத்து ஆண்டு இழுத்து, 40 கோடி பவுண்டுக்கு மேல் கரைந்த பிறகு, 2021இல் கைவிட்டார்கள். அந்தப் பத்தாண்டும் பழைய வாரியர் பழைய பீரங்கியோடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அதே 2021இல் சேலஞ்சர் 3க்கு 80 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். பழைய சேலஞ்சர் 2 உடல்களில் 148ஐ எடுத்துப் புதிய மேல்கூடு வைப்பது திட்டம். வரிப்பள்ளம் வெட்டிய குழாய்க்குப் பதில் வழவழ குழாய். பாய்ந்து வரும் ஏவுகணையை ராடாரில் பார்த்து நடுவழியில் சுட்டு வீழ்த்தும் ட்ரோஃபி கருவியும் உண்டு. இது கண் திறந்த காப்பு என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. என்றாலும் அது வெடிக்கும்போது டாங்கியை ஒட்டி நடந்துவரும் காலாட்படைக்காரன் என்ன ஆவான் என்ற கேள்வி இருக்கிறது. தெருவில் அவன் இல்லாமல் டாங்கி போகவும் முடியாது.

2023இல் உக்ரைனுக்கு 14 சேலஞ்சர் 2 போனது. செப்டம்பரில் ரொபோத்தினே கிராமத்துக்கு அருகே ஒன்று எரிந்து கிடந்த படம் உலகம் சுற்றியது. மிச்சம் இருந்தவற்றின் தலைமேல் உக்ரைன் சிப்பாய்கள் வெல்டிங் வைத்துக் கூண்டு கட்டினார்கள். பன்றிக்குக் கட்டிய வலைக்கு அப்போது ஏறத்தாழ ஐம்பது வயது. செஞ்சூரியன் காலத்திலிருந்து எல்லா பிரிட்டிஷ் டாங்கியிலும் இருக்கும் டீ போடுகிற வெந்நீர்ப் பாத்திரம் அந்தக் கூண்டுக்குக் கீழேயும் இருந்தது. அதற்கு முன்னால், மூடிக்கு அடியில், மல்லாந்து படுத்தபடி ஒற்றைப் பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு டிரைவர்.