கியர் லீவரைக் குறுக்கலாமா?



வீட்டு வாசலில் ஒரு கார் நிற்பது இன்று நம் சமுதாயத்தில் அபூர்வமான காட்சியன்று. வல்ல அல்லாஹ் அருளிய வசதியால் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் சொந்தக் காரில் பயணம் செய்கின்றன. கார் வந்த சில மாதங்களிலேயே வீட்டுப் பிள்ளையிடமிருந்து ஒரு கோரிக்கை எழுவதும் உண்டு. “வாப்பா, இந்தக் கியர் லீவரை மாற்றி ஷார்ட் ஷிஃப்டர் போட்டுக்கொள்ளலாமா? கியர் சட்டென்று விழும். ஓட்டுவதே தனிச் சுகமாக இருக்கும்.”

வாப்பாவுக்கு அது இன்னதென்று தெரியாது. தெரியாத காரணத்தினாலேயே ஒருவர் உடனே மறுத்துவிடுகிறார். இன்னொருவர் உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். முதலாமவர் வீட்டில் மனத்தாங்கல். இரண்டாமவர் வீட்டில் பெரும்பாலும் வீண்செலவு. மறுப்பதாயினும் இசைவதாயினும் விவரம் அறிந்து செய்வதே முறை. அந்த விவரத்தை இங்கே காண்போம்.

நெம்புகோலின் நீதி

கையால் கியர் மாற்றும் கார்களில், ஓட்டுநரின் இடப்பக்கம் தரையிலிருந்து எழுந்து நிற்கும் தண்டே கியர் லீவர். அதன் மேல்நுனியிலுள்ள குமிழை நாம் பிடிக்கிறோம். கீழ்ப்பகுதியில் ஓர் உருண்டை மூட்டு அதைத் தாங்குகிறது. மூட்டுக்குக் கீழே உள்ள நுனிதான் கியர் பாக்ஸுக்குள் வேண்டிய கியரைத் தேர்ந்தெடுக்கும் உறுப்புகளை அசைக்கிறது. ஆக, அது ஒரு நெம்புகோல். ஒருபுறம் நீண்டும் மறுபுறம் குறுகியும் இருக்கும் பழைய வெள்ளிக்கோலைப் போன்றது. தராசுகளின் நுட்பத்தை ஆராய்ந்து 1121 ஆம் ஆண்டில் ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலை எழுதிய அல்காஸினி நம் அறிஞர் பரம்பரையைச் சேர்ந்தவர். அவர் காலத்திலும் நம் காலத்திலும் நெம்புகோலின் விதி ஒன்றுதான்: தூரத்தில் மிச்சம் பிடித்தால், பலத்தில் செலவழித்தாக வேண்டும்.

ஷார்ட் ஷிஃப்டர் செய்வதும் இதுவே. மூட்டுக்குக் கீழுள்ள பகுதியை நீட்டுவார்கள். அல்லது மேலுள்ள பகுதியைக் குறைப்பார்கள். எடுத்துக்காட்டாக, மூட்டுக்கு மேலே 20 செ.மீ., கீழே 5 செ.மீ. உள்ள ஒரு லீவரை வைத்துக்கொள்வோம். கீழ்நுனி 3 செ.மீ. நகர, கை 12 செ.மீ. நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 7 செ.மீ. ஆக்கினால், அதே வேலைக்குக் கை சுமார் 8½ செ.மீ. நகர்ந்தால் போதும். ஆனால் முன்பு 5 கிலோ விசையில் விழுந்த கியருக்கு இப்போது 7 கிலோ விசை வேண்டும். கையின் பயணம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்க, கையின் உழைப்பு ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. இது கருவியின் குறையன்று, இயற்கையின் கணக்கு.

கை விரையலாம், வளையம் விரையாது

“கியர் விரைவாக விழுமே!” என்பர். எவ்வளவு விரைவாக? கியர் மாற்றுவதென்பது கையின் வேலை மட்டுமன்று. ஆக்ஸிலேட்டரை விட வேண்டும், கிளட்சை மிதிக்க வேண்டும், லீவரைத் தள்ள வேண்டும், மீண்டும் கிளட்சை விட வேண்டும். இவற்றுள் லீவரின் பயணம் ஒரு பகுதியே.

மேலும், கியர் பாக்ஸுக்குள் சிங்க்ரோ எனப்படும் ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உறுப்புகளை உராய்வின் மூலம் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அதன் பணி. வேகங்கள் ஒத்துப்போகும் வரை அது வழியை மறித்து நிற்கும். ஒத்த பின்னரே கியர் விழ அனுமதிக்கும். லீவரைக் குறுக்கியதனால் அந்த வளையம் தன் வேலையை விரைந்து முடித்துவிடுவதில்லை. அதை அவசரப்படுத்தி ஓங்கித் தள்ளுவதையே பழக்கமாக்கிக் கொண்டால், வளையம் தேயும். பின்னர் கியர் பாக்ஸைக் கழற்றித்தான் அதை மாற்ற முடியும்.

ஒவ்வொரு முறையும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சமாவதாகவே கொள்வோம். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் வழியில் 200 முறை கியர் மாற்றினாலும் மொத்த மிச்சம் 20 நொடிகள். வழியில் வாங்கும் தேநீர் ஆறுவதற்குக்கூட அது போதாது.

குறுக்கம் வேறு, துல்லியம் வேறு

இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது. கியர் லீவரைக் குறித்து அலுத்துக்கொள்வோரில் பலர் உண்மையில் வேண்டுவது குறுக்கத்தையன்று, துல்லியத்தை. லீவர் ஆடுகிறது, எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது கைக்குத் தெரிவதில்லை, மூன்றாம் கியரைத் தேடினால் ஐந்தாம் கியர் அகப்படுகிறது என்பவையே அவர்களுடைய குறைகள். இவற்றுக்குக் காரணம் லீவரின் நீளமன்று, இணைப்புகளின் தேய்மானம்.

இன்று நம் குடும்பங்களில் ஓடும் சிறிய கார்களில் என்ஜினும் கியர் பாக்ஸும் முன்புறம் குறுக்குவாட்டில் அமைந்துள்ளன. லீவரோ இருக்கைகளுக்கு நடுவே இருக்கிறது. இரண்டையும் கம்பிகளோ கேபிள்களோ இணைக்கின்றன. அந்த இணைப்புகளின் முனைகளில் ரப்பராலோ பிளாஸ்டிக்காலோ ஆன சிறு சிறு புஷ்கள் உண்டு. வெயிலிலும் எண்ணெயிலும் ஆண்டுக்கணக்கில் உழன்று அவை தேய்ந்துவிட்டால் லீவர் ஆடத் தொடங்கும். அந்த நிலையில் ஷார்ட் ஷிஃப்டரைப் பொருத்தினால், ஆட்டம் அப்படியே இருக்க, பளு மட்டும் கூடும். தேய்ந்த புஷ்ஷை மாற்றினாலோ, புதுக்காரின் பிடிப்பு பெருமளவு திரும்பிவிடும். அதற்கான செலவும் புதிய கருவியின் செலவைவிடப் பன்மடங்கு குறைவு.

அப்படியாயின் யாருக்குப் பயன்?

இக்கருவியைக் கண்டவர்கள் அறிவிலிகள் அல்லர். அமெரிக்காவில் 1964 ஆம் ஆண்டு வெளிவந்த போண்டியாக் ஜி.டி.ஓ. காரில் ஹர்ஸ்ட் நிறுவனத்தின் கியர் லீவர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. பந்தயத்தில் கியர் தவறாமல் விழ வேண்டும் என்பது அங்கே மெய்யான தேவை. ஜப்பானில் மாஸ்டா நிறுவனம் 1989 இல் கொண்டுவந்த எம்.எக்ஸ்.5 என்னும் சிறு கார், அதன் குறுகிய கியர் லீவருக்காகவே புகழ் பெற்றது. ஆனால் அங்கே கியர் பாக்ஸ் நீளவாட்டில் இருக்கிறது. லீவர் அதன் மேலேயே நேராக நிற்கிறது. இடையில் கேபிள் இல்லை. லீவரையும் கியர் பாக்ஸையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சேர்த்தே வடிவமைத்தார்கள். குறுக்கம் அங்கே துல்லியத்தோடு கூடவே பிறந்தது; பின்னர் ஒட்டவைத்ததன்று.

பந்தயத் தடத்தில் ஓட்டுபவர், லீவரின் பயணம் இயல்பிலேயே மிக நீண்டதாய் அமைந்த காரை வைத்திருப்பவர், தாம் ஒருவரே ஓட்டும் காரில் கைக்குப் பிடித்த உணர்வை நாடுபவர் ஆகியோருக்கு, அந்தக் காருக்கென்றே செய்யப்பட்ட நல்ல கருவி பயன்தரும். மற்றவர்களுக்கு அதனால் கிட்டும் நன்மை சொற்பமே.

மூன்று படிகள்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் ஷாத்திபீ (ரஹ்) போன்ற பெருமக்கள் மனிதனின் நலன்களை மூன்று படிகளாக வகுத்துக் காட்டியுள்ளனர். இன்றியமையாதவை ளரூரிய்யாத், சிரமத்தை நீக்குபவை ஹாஜிய்யாத், அழகும் நயமும் சேர்ப்பவை தஹ்ஸீனிய்யாத். ஷரீஅத்தின் நோக்கங்களை விளக்க எழுந்த இப்பாகுபாட்டைக் காருக்கு ஓர் உவமையாக எடுத்துக்கொள்ளலாம்.

பிரேக், டயர், விளக்கு, சீட் பெல்ட் ஆகியவை முதற்படி. இவற்றில் குறையிருந்தால் உயிருக்கு ஆபத்து. கிளட்ச், கியர் ஆயில், புஷ்கள் ஆகியவை இரண்டாம் படி. இவை கெட்டால் ஓட்டுபவருக்குச் சிரமம். ஷார்ட் ஷிஃப்டர் மூன்றாம் படியைச் சேர்ந்தது. மூன்றாம் படி விலக்கப்பட்டதன்று. அல்லாஹ் வசதி தந்திருந்தால் அனுபவிக்கலாம். ஆனால் வழுக்கையான டயரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, கியர் லீவருக்குப் பணம் செலவிடுவது படியைத் தாண்டிக் குதிப்பதாகும். வீண்விரயம் என்பது பணத்தின் அளவில் மட்டும் இல்லை. செலவின் வரிசை தவறுவதிலும் இருக்கிறது. வளைகுடாவின் வெயிலில் உழைத்துத் தந்தை அனுப்பும் பணம் பிள்ளையின் கையில் ஓர் அமானத் என்பதையும் இளைஞர்கள் மறக்கலாகாது.

செலவழிக்கும் முன்

முதலில் காரைச் சோதித்துப் பாருங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் லீவரை மெல்ல அசையுங்கள். தளர்ந்து கலகலவென்று ஆடினால் புஷ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடாதபோது எளிதாய் விழும் கியர், ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று ஐயுறலாம். நீண்ட நாளாகக் கியர் ஆயில் மாற்றாதிருந்தால், காரோடு வந்த கையேட்டில் குறித்த தரத்திலேயே மாற்றுங்கள். கையை எப்போதும் லீவரின் மேல் வைத்தபடி ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த அழுத்தம் உள்ளுறுப்புகளைத் தேய்க்கும். இந்த நான்கையும் சரிசெய்த பின்னர் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். கோரிக்கை பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

அதன் பிறகும் ஆசை நீங்கவில்லையா? உங்கள் காரின் வகைக்கென்றே செய்யப்பட்ட கருவியை, அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு பொருத்துங்கள். லேத் பட்டறையில் லீவரை வெட்டிப் பற்றவைப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். பற்றவைத்த இடம் நெடுஞ்சாலையில் முறிந்தால், கையில் குமிழ் மட்டுமே மிஞ்சும். சில கார்களில் லீவரின் காலரைத் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். அந்தப் பாதுகாப்பு கெடக்கூடாது. கார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், அதற்கு இதனால் பாதகம் வருமா என்று விற்பனையாளரிடமும், காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்னரே கேட்டறியுங்கள். கழற்றிய பழைய லீவரைப் பத்திரமாக வையுங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் அதைக் கேட்கலாம்.

வீட்டாரின் கைகள்

இறுதியாக ஒன்று. குடும்பக் காரை ஒருவர் மட்டும் ஓட்டுவதில்லை. மகன் கல்லூரிக்கு எடுத்துச் செல்லும் காரில், தாய் சிறு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். தோள்வலியுள்ள தந்தை ஜும்ஆவுக்குப் போகிறார். வாலிபனின் கைக்கு 7 கிலோ விசை ஒரு பொருட்டன்று. போக்குவரத்து நெரிசலில் நூறு முறை முதல் கியரும் இரண்டாம் கியரும் மாற்றும் தாயின் மணிக்கட்டுக்கு அது பெரும் வேறுபாடு. ஒருவரின் சுகத்துக்காக மூவரின் கைகளில் பளுவை ஏற்றும் முடிவை, அந்த மூவரையும் கலந்தே எடுக்க வேண்டும். மஷ்வரா என்பது பெரிய விவகாரங்களுக்கு மட்டும் உரியதன்று. கியர் மாற்றுவதே வீட்டாருக்குச் சுமையாக இருக்குமானால், அடுத்த காரைத் தானியங்கிக் கியர் உள்ளதாகப் பார்ப்பதே அறிவுடைமை.

ஆகவே வாப்பாமார்களே, பிள்ளை கேட்டவுடன் சினந்து மறுக்காதீர்கள். உடனே இசையவும் வேண்டாம். “காரில் உனக்கு என்ன குறை தெரிகிறது?” என்று கேளுங்கள். அவன் சொல்லும் குறை ஆட்டமா, அழுத்தமா, நீளமா என்று இருவரும் சேர்ந்து கண்டறியுங்கள். நீளம்தான் குறை என்று உறுதியானால் மட்டுமே இந்தக் கருவி அதற்கு மருந்து.

நமக்கு அருளப்பட்ட வசதிகளை வரிசை தவறாமல் செலவிடவும், நம் பயணங்கள் அனைத்தும் பாதுகாப்பாக அமையவும் வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.