மஃரிபுக்கு பாங்கு சொன்ன பிறகு மணப்பெண்ணின் மேக்கப்பை எப்படிக் கலைப்பது?



அரியாங்குப்பத்தில் ஒரு நிக்காஹ். பந்தி நடந்துகொண்டிருந்தபோது மஃரிபு பாங்கு சொல்லிவிட்டார்கள். பெண்ணின் தாயார் திரைக்கு அப்பால் நின்று கேட்டார்கள்: "ஹஜ்ரத், மேக்கப்பு மேலேயே தண்ணியை ஊத்திக்கிட்டா ஒளு கூடுமா?" தண்ணீர் பட்டாலும் கரையாத வாட்டர்புரூஃப் மேக்கப் அது. "கூடாதும்மா, கலைச்சிட்டுத்தான் செய்யணும்" என்றேன். மேக்கப் போட்டுவிட்ட பெண் அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். அங்கே கிடந்தது ஈரத்தாள் பாக்கெட் ஒன்றுதான். அதையும் சோப்பையும் வைத்துத் தேய்த்ததில் பிள்ளையின் இமை வீங்கிப் போனது. தொழுகையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போனது.

சில நாட்கள் கழித்து, எங்கள் ஜமாஅத்தில் மணப்பெண் அலங்காரம் செய்யும் பிள்ளை ஒருவர் தன் தாயாரோடு வந்து, கிட்டில் எந்த ரிமூவரை வைத்துக்கொள்வது என்று கேட்டார். சட்டத்தை நான் சொன்னேன். பாட்டில்களைப் பற்றி அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

சட்டம் சுருக்கமானது. ஒளுவில் முகம் கழுவுவது பர்ளு (அல்மாயிதா, 6ஆம் வசனம்). காலில் நகமளவு இடம் நனையாமல் விட்டவரை, திரும்பிப் போய் ஒளுவை ஒழுங்காகச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி முஸ்லிமில் இருக்கிறது. மருதாணி போல நிறம் மட்டும் ஒட்டியிருந்தால் தடையில்லை. தோலுக்கும் தண்ணீருக்கும் நடுவே படலமாக நிற்பதுதான் தடை. மேக்கப்பைக் காரணம் காட்டி தயம்மும் செய்யவும் முடியாது.

இனி பாட்டில்களுக்கு வருவோம். வாட்டர்புரூஃப் என்றால் மெழுகும் சிலிக்கோனும் சேர்ந்த படலம். தண்ணீரும் சோப்பும் அதை லேசில் அசைக்காது, எண்ணெய் அசைக்கும். அதனால் கிட்டில் முதலில் இருக்க வேண்டியது எண்ணெய் வகை. அதில் கிளென்சிங் பாம் நல்லது. உலர்ந்த கையால் உலர்ந்த முகத்தில் ஒரு நிமிடம் நீவிவிட்டு, பிறகு தண்ணீர் தொட்டால் பால்போல வெளுத்துக் கழுவிப்போகும். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருள் அதில் சேர்ந்திருப்பதே காரணம். தேங்காயெண்ணெய்யும் மேக்கப்பைக் கரைக்கும். ஆனால் தானாகக் கழுவிப்போகாது, பிறகு ஃபேஸ்வாஷ் தேவை. சிலருக்குப் பருவும் வரும். (கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நம்மூர் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது ரோமானிய ஜாடிகள் கிடைத்தன. அவ்வகை ஜாடிகளில்தான் அக்காலத்தில் மதுவும் ஆலிவ் எண்ணெயும் கப்பலேறின. எண்ணெய் தடவி முகம் துடைப்பது அவ்வளவு பழைய வேலை.)

கண்ணுக்குத் தனி பாட்டில் வேண்டும். மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாக இரண்டு அடுக்காக நிற்கும் ரிமூவர் அது. குலுக்கிப் பஞ்சில் நனைத்து, மூடிய இமைமேல் இருபது முப்பது விநாடி வைத்து, பிறகு கீழ்நோக்கி ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. ஒட்டு இமை வைத்திருந்தால் பசை இளகிய பிறகே எடுக்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் ரிமூவரைத் தொட வேண்டும்.

பிரெஞ்சு மருந்துக் கடைகளிலிருந்து உலகெங்கும் பரவிய மிசெல்லர் வாட்டர் மூன்றாவது. நுரைக்கும் பொருளின் மிக நுண்ணிய உருண்டைகள் தண்ணீரில் மிதந்து எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும். லேசான மேக்கப்புக்கும், மை ஓரத்தைத் திருத்துவதற்கும் அது போதும். மணப்பெண்ணின் முழு மேக்கப்புக்கு அது மட்டும் போதாது. கழுவத் தேவையில்லை என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் கழுவிவிடுவதே தோலுக்கு நல்லது. ஈரத்தாளைக் கை துடைக்க வைத்துக்கொள்ளலாம். பிரஷ் சுத்தம் செய்யும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை முகத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

ஆல்கஹால் என்ற சொல்லைப் பார்த்ததும் பாட்டிலைத் திருப்பி வைத்துவிடும் சகோதரிகள் உண்டு. சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் இரண்டும் மெழுகு போன்ற கொழுப்புப் பொருட்கள், போதை தருபவை அல்ல. எத்தனால் வேறு. லேபிளில் அது ஆல்கஹால் அல்லது ஆல்கஹால் டினாட் என்று இருக்கும். வெளிப்பூச்சில் அது கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ரிமூவரைப் பொறுத்தவரை அந்த விவாதமே நமக்குத் தேவையில்லை. தோலை வறட்டும், கண்ணை எரிக்கும், அது இல்லாத பாட்டில்கள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட் இரண்டும் தாவரத்திலிருந்தும் வரும், விலங்கிலிருந்தும் வரும். தாவர மூலம் என்று எழுதியிருப்பதை அல்லது ஹலால் சான்று உள்ளதை எடுங்கள். லேனோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பது, பயப்பட வேண்டாம். மினரல் ஆயில் பெட்ரோலியத்தின் பிள்ளை, அதிலும் விலங்குக் கொழுப்பு கிடையாது.

பலருடைய முகத்தைத் தொடும் கிட் என்பதால் சுத்தம் முக்கியம். பம்ப் பாட்டில் நல்லது. டப்பாவில் விரலை விடாமல் சிறு கரண்டியால் எடுக்க வேண்டும். திறந்த டப்பா படத்துக்குள் 6எம், 12எம் என்று இருப்பது, திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்கிறது. திறந்த தேதியை அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் காருக்குள் விட்டுப்போனால் பாம் உருகி எண்ணெயாகிவிடும். வாசனை குறைந்ததாக வாங்குங்கள். கல்யாணத்துக்கு முன்பே மணப்பெண்ணின் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒருநாள் பாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு யோசனை. பிள்ளையை ஒளுவோடு மேக்கப்புக்கு உட்காரவைத்தால், மேக்கப் போட்டதால் ஒளு முறியாது. அஸருக்குச் செய்த ஒளு நீடித்தால் மஃரிபையும் அதிலேயே தொழலாம். முறிந்துவிட்டால் மஃரிபுக்கு இருப்பது சுமார் ஒன்றேகால் மணி நேரம். நிதானமாகக் கலைக்கப் பத்து நிமிடம் ஆகும். கூலி பேசும்போதே, கலைத்துவிட்டுப் போவதும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஜமாஅத்துப் பிள்ளை தங்க முடியாத நாட்களில் சிறு பாம் டப்பாவையும் பஞ்சையும் ஒரு பையில் போட்டு மணப்பெண்ணின் தாயார் கையில் கொடுத்துவிட்டுத்தான் மண்டபத்தை விட்டுக் கிளம்புகிறாராம்.