சின்ன வேலைதானே, சார்!

சொந்தமாகத் தொழில் நடத்தும் கம்ப்யூட்டர் நிபுணரின் பாடு, கல்யாணச் சமையல்காரர் பாட்டைவிடத் திண்டாட்டம். பந்தி முடிந்தபின் "சாம்பாரை ரசமாக்கிக் கொடும்" என்று சமையல்காரரை யாரும் கேட்பதில்லை! கடை முதலாளிகளோ, பில் போடும் புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகுதான், "இரண்டாவது கிளையையும் சேர்த்துவிடுங்கள், சின்ன வேலைதானே, சார்!" என்பார்கள். பணம் கேட்டால், "ஆடிட்டர் ஊரில் இல்லையே!"

இத்தனைக்கும் சட்டம் நிபுணர் பக்கம். குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டவருக்கு, நம் நாட்டின் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் பணம் வந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்கள்தான். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு, அதுவும் கூட்டு வட்டி!

ஆனால், வட்டி கேட்டு மனுப் போட்டவரை அந்த முதலாளி மறுபடி கூப்பிடுவாரா? ஆகவேதான் கெட்டிக்காரர்கள், முன்பணம் கைக்கு வராமல் கீபோர்டைத் தொடுவதில்லை.