சேணம் விழுந்த கிடா

இரவிகுளத்து ராஜமலைச் சாலையோரம் ஒரு வரையாட்டுக் கிடா, என்னைச் சட்டையே செய்யாமல் கைக்கெட்டும் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு. முதிர்ந்த கிடாவுக்கு மட்டுமே அப்படி விழும். துரைமார் காலத்தில் குறி வைத்ததும் அந்தத் திட்டுக்குத்தான். பெட்டையைத் தொடக்கூடாது, குட்டியைத் தொடக்கூடாது.

வேட்டைக்காரனால் விலங்கு பிழைத்தது என்றால் பலருக்குக் கசக்கும். இரவிகுளத்தில் நடந்தது அதுதான். கண்டபடி சுட்டுத் தீர்த்தபிறகுதான் பயம் வந்தது என்பதும் உண்மை. 1877-இல் நீலகிரியில் வேட்டைக்காரர்களே சங்கம் அமைத்தார்கள். 1879-இல் சட்டம் வந்தது: உரிமம் வேண்டும், இன்ன மாதங்களில் சுடக்கூடாது. மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் மேட்டுப் புல்வெளியை வேட்டைக்கென்று ஒதுக்கி, முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்தார்கள். அந்த நிலம்தான் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவானது. 97 சதுர கிலோமீட்டர். வரையாடுகள் ஓரிடத்தில் மிக அதிகமாக வாழ்வது இன்றைக்கும் அங்கேதான்.

விளையாட்டுக்கு உயிரைக் கொல்வதில் என்ன பொறுப்பு என்று கேட்பவர்கள் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழக்கை முடித்துவிட்டது. துப்பாக்கி திரும்பி வரவேண்டாம்.

துப்பாக்கியோடு சேர்ந்து வேறொன்றும் போய்விடுமோ என்பதுதான் என் கவலை. கிடா வேண்டுமென்றால் புல் வேண்டும் என்பது அந்த வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சரிவில் எப்போது, எவ்வளவு தீ வைத்தால் இளம்புல் துளிர்க்கும் என்பது முதுவர்களுக்குக் கைவந்த வேலை. பூங்காவான பிறகும் இரவிகுளம் அந்தக் கையை விடவில்லை. நீலகிரியிலோ புல்வெளியைத் தரிசு என்று நினைத்து, மைல் கணக்கில் சீகையும் கற்பூர மரமும் நட்டோம். வரையாடு மரத்தடி விலங்கல்ல. திறந்த புல்லும், ஆபத்தென்றால் ஓடி ஏறப் பாறையும் வேண்டும்.

தமிழகக் கணக்கெடுப்பில் 2024-இல் 1,031, 2025-இல் 1,303. சந்தோஷம்தான். ஆனால் ஆட்டை எண்ணுகிற அக்கறையோடு புல்லை யார் அளக்கிறார்கள்?

நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் சீகை வெட்டிய சரிவு ஒன்றில் நின்றேன். விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்குமாம். “வெட்டுன எடத்துல அடுத்த மழைக்கே வந்து நிக்குது சார்” என்றார் கூலிக்கு வந்திருந்த பெரியவர். குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கிக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லை. அவர் காலடியைச் சுற்றி எண்ண ஆரம்பித்தேன்; நாற்பதோடு விட்டுவிட்டேன்.