லாரி ஏன் கிளம்பவில்லை?

இரவு முழுவதும் சாலையோரம் நின்ற லாரி அது. விடியற்காலையில் ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். ‘டக்’ என்ற ஒலி மட்டுமே கேட்கிறது, எஞ்சின் சுழலவில்லை. “பேட்டரி போய்விட்டது” என்று முடிவு கட்டி, பல ஆயிரம் ரூபாய் செலவில் புதியவற்றை வாங்கிப் பொருத்துகிறார்கள். சில மாதங்களில் அவையும் கெட்டுவிடுகின்றன. குற்றம் உண்மையில் பேட்டரியினுடையதுதானா? ஒரு வோல்ட் மீட்டரைக் கொண்டு மூன்று நிலைகளில் அளந்து பார்த்தால் விடை கிடைக்கும்.

கனரக லாரிகள் பலவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். ஒரு பேட்டரியில் ஆறு மின்கலங்கள் உண்டு. முழு மின்னேற்றம் பெற்ற காரீய அமில மின்கலம் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆகவே ஒரு பேட்டரிக்கு 12.6 வோல்ட்.

முதல் அளவு, எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து எடுப்பது. 12.6 வோல்ட் இருந்தால் மின்னேற்றம் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்கும் கீழே என்றால் பேட்டரி வடிந்துவிட்டது. வடிந்த பேட்டரியை மீண்டும் மின்னேற்றிய பிறகே அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது அளவு, ஓட்டுநர்கள் ‘செல்ஃப்’ என்று சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது எடுப்பது. அது பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது ஒரு பேட்டரி 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் அது உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது எனலாம். பேட்டரி தளராமல் நின்றும் மோட்டார் திணறுகிறதா? கேபிளின் முனைகளைப் பாருங்கள். பூத்துப்போன ஒரு முனையின் மின்தடை 0.01 ஓம்தான் என்றாலும், 400 ஆம்பியர் பாயும்போது 4 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும்! முனையைச் சுரண்டி இறுக்கினாலே போதும்; புதிய பேட்டரி தேவையில்லை.

மூன்றாவது அளவு, எஞ்சின் ஓடும்போது எடுப்பது. ஆல்டர்னேட்டர் சரியாக இயங்கினால் இரு பேட்டரிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 28 வோல்ட் காட்டும். 25-ஐத் தாண்டாவிட்டால் தளர்ந்த பெல்ட், பழுதான டயோடு அல்லது ரெகுலேட்டர் காரணமாகலாம். 30-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை என்று பொருள். பேட்டரியின் நீர் விரைவில் வற்றிவிடும்.

28 வோல்ட் காட்டியதும் நிம்மதி அடைந்துவிடலாமா? கூடாது. ஒவ்வொரு பேட்டரியையும் தனியே அளக்க வேண்டும். ஒன்று 15, மற்றொன்று 13 என்று இருந்தாலும் கூட்டுத்தொகை 28தானே! பாட்டுப் பெட்டிக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் லாரிகளில் இது நேரும். ஒன்று பட்டினி கிடக்கும். மற்றொன்று அளவுக்கு மீறி மின்னேற்றம் பெற்றுக் கொதிக்கும். புதிய பேட்டரிகளும் விரைவில் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கருவியைப் பொருத்துவதே சரியான வழி.

ஓர் எச்சரிக்கை: மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. ஒரு தீப்பொறி பட்டாலும் பேட்டரி வெடித்து அமிலம் கண்ணில் தெறிக்கக்கூடும். ஆகவே அருகில் பீடியோ தீக்குச்சியோ வேண்டாம். கேபிளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள். பிறகு கடைக்குப் போகலாம்.