சக்கரச் சுவடுகள் – 9: மணலுக்குள் வழி தேடும் பந்தயம்

சென்ற வாரம் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த இளைஞர்கள் சிலர் அக்கரப்பத்தனை பஸ் தரிப்பிடத்தில் என்னை மறித்துக்கொண்டார்கள். “அண்ணன், தார் ரோட்டுல ஓடுறத எழுதிட்டீங்க. எங்க தோட்டத்து ரோட்டு மாதிரி கல்லும் சேறுமா கிடக்கிற இடத்துல ஓடுற போட்டியே கிடையாதா?”

இருக்கிறது தம்பிமாரே. டக்கார் ராலி. மோட்டார் பந்தயங்களிலேயே ஆளை அதிகம் வதைப்பது அதுதான். 1934-இல் தொடங்கிய மகாகஸ்தோட்டைப் போட்டியில் ஒருவர் மேலே ஏறி முடிக்கச் சில நிமிடங்கள்கூட ஆகாது. டக்கார் ராலியில் இரண்டு வாரம் ஓடவேண்டும். மணல்மேடு, கற்பாறை, வறண்ட ஆற்றுப்படுகை என்று ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள், கார், லொறி எல்லாம் ஒரே பாலைவனத்தில் இறங்கும்.

இதைத் தொடங்கியவர் தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர். 1977-இல் அபிஜானிலிருந்து நீஸ் நகருக்கு நடந்த ராலியில் மோட்டார் சைக்கிளோடு லிபியப் பாலைவனத்தில் வழிதவறிப் போனார். உயிர் பிழைத்து வந்த மனிதர் அந்தப் பாலைவனத்தை வெறுக்கவில்லை. மற்றவர்களும் அதைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து 182 வாகனங்கள் புறப்பட்டன. மூன்று வாரம் கழித்து செனகல் நாட்டின் டக்கார் நகரை எட்டியவை 74. சிறில் நெவு என்ற இளைஞர் யமஹா 500 சிசி மோட்டார் சைக்கிளில் முதலாவதாக வந்தார். சபீன் 1986 ஜனவரியில், ராலி நடந்துகொண்டிருந்தபோதே மாலி நாட்டில் ஹெலிகொப்டர் விழுந்து இறந்தார்.

மொரிட்டானியாவில் பிரெஞ்சுப் பயணிகள் கொல்லப்பட்டதையும் அச்சுறுத்தல்களையும் அடுத்து 2008 ராலி கைவிடப்பட்டது. 2009 முதல் 2019 வரை தென்னமெரிக்காவில் நடந்தது. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. டக்கார் நகரை விட்டு எவ்வளவோ தூரம் போனாலும் பெயர் மட்டும் மாறவில்லை.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு மணல் பறக்கும் வேகம்தான் தெரியும். இந்தப் பந்தயத்தின் உயிர் வேகத்தில் இல்லை, வழி கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஓடவேண்டிய பாதை போட்டியாளருக்கு முன்கூட்டித் தெரியாது. கைத்தொலைபேசி வரைபடம் பார்க்க முடியாது. அவருக்குக் கிடைப்பது ‘ரோட்புக்’ எனும் பாதைக் குறிப்பு மட்டும். முன்பு அது நீளமான காகிதச் சுருளாக முதல்நாள் மாலையே கையில் வரும். களைத்துப்போன ஓட்டுநர்கள் இரவில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆபத்தான இடங்களுக்கு வர்ணப் பேனையால் கோடு போடுவார்கள். இப்போது புறப்படும் நேரத்தில்தான் கொடுக்கிறார்கள். திரையிலும் வந்துவிட்டது.

அதில் ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். இடது பக்கம் இரண்டு எண்கள்: புறப்பட்ட இடத்திலிருந்து மொத்தத் தூரம், முந்தைய குறியிலிருந்து வந்த தூரம். நடுவில் சின்னக் கோட்டுப் படம். அடியில் உள்ள புள்ளி நீங்கள் வரும் இடம், அம்புக்குறி நீங்கள் போகவேண்டிய திசை. வலப்பக்கம் திசைகாட்டிப் பாகை எண்ணும், தரையைப் பற்றிய சுருக்கக் குறிப்பும். ஒரு வியப்புக்குறி இருந்தால் கவனம். இரண்டு இருந்தால் ஆபத்து. மூன்று இருந்தால் வேகத்தைக் குறைத்தே தீரவேண்டும். அந்த மேட்டுக்கு அப்பால் செங்குத்தான பள்ளம் இருக்கலாம்.

மோட்டார் சைக்கிள்காரர் காலூன்றிகளில் எழுந்து நின்றபடி, மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் பறந்தபடி இதைப் படிக்கிறார். இடது கைப் பெருவிரலால் பொத்தானை அழுத்தி வரிகளை நகர்த்துகிறார். தூரமானி நூறு மீற்றர் பிசகினாலும் அடுத்த திருப்பம் தப்பிப்போகும். அதனால் தெரிந்த குறி ஒன்று வந்ததும் எண்ணைத் திருத்திக்கொள்ளவேண்டும். செய்மதிக் கருவி ஒன்றும் பூட்டியிருப்பார்கள். ஆனால் கட்டாயம் கடக்கவேண்டிய புள்ளியை நெருங்கிய பிறகே அதில் அம்புக்குறி தெரியும். புள்ளியைத் தவறவிட்டால் நேரத் தண்டனை.

முந்தைய நாள் வென்றவர் மறுநாள் முதலில் புறப்படவேண்டும். அவருக்கு முன்னால் ஒரு டயர்த் தடம்கூட இராது. பின்னால் வருபவர்களோ அவர் தடத்தைப் பிடித்தே நேரத்தை மீட்டுவிடுவார்கள். இந்த அநியாயத்தை ஈடுகட்டத்தான் முன்னே போய் வழி திறக்கும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அண்மை ஆண்டுகளில் நேரச் சலுகை கொடுக்கிறார்கள். சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

டயகமப் பக்கம் கொழுந்து லொறி ஓட்டும் பெரியவர் ஒருவரோடு மூடுபனியில் வந்திருக்கிறேன். ஜூலை மழை. வெளிச்சம் போட்டாலும் பனி வெள்ளையாகத் திருப்பி அடிக்கிறது. “மதகு தாண்டுனா ரெண்டாவது முடக்கு, அப்புறம் கவ்வாத்து மலை, அங்க இடப்பக்கம் கான் ஒடஞ்சி கிடக்கு” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபோதும் உடைந்த கானுக்கு முன்னால் கியரை இறக்கிவிட்டார். ரோட்புக் படிக்கிறவர்களுக்கு வேண்டிய புத்தி இதுதான். வேறுபாடு என்னவென்றால் இவர் வருடக்கணக்காக ஓடிய ரோட்டைச் சொல்கிறார், அவர்கள் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கும் தரையைப் படிக்கிறார்கள்.

நம் பக்கத்து ஆட்கள் இதில் உண்டா? 2015-இல் பெங்களூர் சி.எஸ். சந்தோஷ் டக்காரில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். முதல் முயற்சியிலேயே 36-ஆம் இடம் பிடித்தார். 2021-இல் சவூதியில் விழுந்து தலையில் அடிபட்டு, ரியாத் மருத்துவமனையில் மயக்க நிலையில் வைத்துச் சிகிச்சை பெற்று, ஊர் திரும்பினார். அதே ஆண்டு கேரளத்து ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா 20-ஆம் இடத்துக்கு வந்தார். 2024-இல் மொத்தத்தில் 11-ஆம் இடம், ‘ராலி 2’ பிரிவில் முதலிடம். டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

ஹரித் ஓடியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக. டிவிஎஸ் நம் ரோட்டிலும் ஓடுகிற பெயர். தமிழ்நாட்டு ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அந்த நிறுவனத்தின் வேர், திருக்குறுங்குடி டி.வி. சுந்தரம் ஐயங்கார் ஒரு நூற்றாண்டுக்கு முன் மதுரையில் தொடங்கிய பஸ் சேவை. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிய அதே சீமையிலிருந்து கிளம்பிய பெயர் பாலைவனத்தில் ஓடுவதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்துதான் போகிறது.

இந்தப் பந்தயத்தில் நான் மதிக்கும் விதி ஒன்றுண்டு. அடிபட்டவருக்கு உதவ நின்றால் இழந்த நேரம் திருப்பித் தரப்படும். 2020 ஜனவரி 12 அன்று இந்திய ஹீரோ அணிக்காக ஓடிய போர்த்துக்கல் வீரர் பாவ்லோ கொன்சால்வஸ் விழுந்து இறந்தார். அங்கே நின்றவர்களில் ஒருவர் முந்தைய ஆண்டு வெற்றியாளரான டோபி பிரைஸ். பட்டத்தைக் காக்கவேண்டிய நாளில், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சக போட்டியாளர் பக்கத்தில் இருந்தார். மறுநாள் மோட்டார் சைக்கிள் ஓட்டமே நிறுத்தப்பட்டது.

இதன் கறையையும் மறைக்கக்கூடாது. ஆபிரிக்கக் கிராமங்களின் நடுவே ஓடிய காலத்தில் ஓரமாக நின்ற குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பந்தயத்தில் பங்கில்லாத ஏழைகள் அதற்கு விலை கொடுத்தார்கள். நமக்கு அந்த வலி தெரியும். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவ பொக்ஸ் ஹில் போட்டியில் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் மாண்டார்கள். ஓரத்தில் நிற்பவர்களைக் காக்க முடியாத போட்டி எத்தனை பெரியதானாலும் நடத்தக்கூடாது என்பதே என் முடிவு.

பஸ் தரிப்பிடத்தில் கேட்ட தம்பிகளின் அடுத்த கேள்வி, “நம்மளால முடியுமா?” மோட்டார் சைக்கிளோடு சேர நுழைவுக் கட்டணமே நம் காசில் பல இலட்சம் ரூபாய். உதவியாள் இல்லாமல், ஒரே பெட்டிக்குள் உதிரிப்பாகமும் கருவிகளும் வைத்துக்கொண்டு, ராத்திரியில் தானே எஞ்சினைக் கழற்றிப் பூட்டி ஓடும் பிரிவும் உண்டு. அதற்கும் பணம் வேண்டும். ஆனால் வழி படிக்கும் பழக்கத்துக்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். அக்கரப்பத்தனையிலிருந்து டயகம வரை நடந்தோ பஸ்ஸிலோ போங்கள். ஒவ்வொரு மதகுக்கும், முடக்குக்கும், பிரியும் தோட்டத்து ரோட்டுக்கும் ஒரு வரி: தூரம், கோட்டுப் படம், குறிப்பு. பிறகு அந்த ரோட்டையே பார்த்திராத நண்பனிடம் கொப்பியைக் கொடுத்து, யாரிடமும் கேட்காமல் நடந்து போய்ச் சேரச் சொல்லுங்கள். அவன் எங்கே தடுமாறினான் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தக் கொப்பிகளோடு, காரில் பக்கத்து இருக்கையில் இருந்து வழி சொல்பவர்களின் கதைக்குப் போவோம்.